உலோகத்திலிருந்து குழந்தைக்கு: அல்ட்ராசவுண்ட் வந்த வழி

அணுசக்தி நகர் அன்பர்களுக்குப் பியர் கியூரி என்றதும் ரேடியம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1880-லேயே அவரும் தமையனார் ஜாக் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டறிந்தனர். அல்ட்ராசவுண்டின் ஆணிவேர் அதுவே.

கடலில் நீர்மூழ்கியையும் இரும்பில் விரிசலையும் தேடிய ஒலி இது. 1955-இல் கிளாஸ்கோ டாக்டர் இயான் டொனால்ட், அறுத்தெடுத்த கட்டிகளைக் கொதிகலன் தொழிற்சாலைக்கே கொண்டுபோய், விரிசல் தேடும் கருவியில் சோதித்தார். 1958-இல் 'லான்செட்' இதழில் தம் ஆய்வை எழுதினார்.

இரும்பு அசையாது. குழந்தையோ அழும், புரளும். எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரியாது. குடலுக்குள் குடல் செருகிக்கொண்டால், திரையில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். நேரத்தில் கண்டுகொண்டால் பெரும்பாலும் கத்தி வைக்காமலே, ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்புநீரோ செலுத்திச் சரிசெய்துவிடலாம். தாமதித்தால் குடல் அழுகும். குடல்வால் வீக்கம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. குடலிலுள்ள வாயு ஒலியை மறித்துவிடும். பார்ப்பவரின் கைப்பழக்கமும் வேண்டும்.

ஆகவே அன்பர்களே, 'ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலை' என்றால் 'ஒண்ணுமில்லை' என்று பொருளல்ல. வலி தொடர்ந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் ஓடுங்கள் என்பதே வியாபாரியான என் வேண்டுகோள்.