பொல்லாப் பிள்ளையாரும் சென்னை அப்பாவும்

குமராட்சியில் என் மகளுக்கு இரண்டு அப்பா. என் மனைவி தன் அப்பாவை "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, நாலு வயசுக்காரியும் தாத்தாவை அப்பா என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து இறங்கும் நான் "சென்னை அப்பா". வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு திருநாரையூர் போனேன். காட்டுமன்னார்கோயில் ரோட்டில் கொஞ்ச தூரம்தான். அங்கே சிவன் கோயிலில் பொல்லாப் பிள்ளையார் இருக்கிறார். பொல்லாதவர் இல்லை, பொள்ளாப் பிள்ளையார், அதாவது உளி படாதவர், பேர் மருவிவிட்டது என்பார்கள்.

அவளுக்குக் கதை சொன்னேன். இந்தக் கோயிலில் பூசை செய்தவர் ஒருநாள் வெளியூர் கிளம்பும்போது தன் சின்னப் பையனிடம், இன்னைக்கு நீ பண்ணிடு என்று சொல்லிவிட்டுப் போகிறார். பையன் படையலை வைத்துவிட்டு, பிள்ளையார் சாப்பிடட்டும் என்று காத்திருக்கிறான். தினமும் அப்பா வைப்பதைச் சாப்பிடுகிறவர் தான் வைத்தால் ஏன் தொடவில்லை? ஏதோ தப்பு பண்ணிவிட்டோம் என்று அழுது, தலையைக் கல்லில் மோதப் போகிறான். பிள்ளையார் தடுத்து, எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுகிறார்.

பிள்ளையார் சாப்பிட்டது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

"அவங்க அப்பா எங்க போனாரு?"

"வேலையா வெளியூருக்கு."

"எப்ப வந்தாரு?"

கதை அந்த அப்பாவை அத்தோடு விட்டுவிட்டு ராஜாவிடம் போய்விடுகிறது. அந்தப் பையன்தான் நம்பியாண்டார் நம்பி. சோழ ராஜா அவரைத் தேடி வந்ததையும், சிதம்பரம் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து கரையான் அரித்த தேவார ஏடுகளை எடுத்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. உமாபதி சிவம் எழுதியதாகச் சொல்லப்படும் நூல். அந்த ராஜா முதலாம் ராஜராஜனா வேறு யாருமா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். (இதே ரோட்டில் காட்டுமன்னார்கோயில் வரை போனால் அது நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். தமிழ் பக்தியின் இரண்டு பெரிய தொகுப்பாளர்களும் ஒரே பஸ் ரூட்காரர்கள்.)

பிள்ளையார் சாப்பிட்டது புராணம். ஆனால் நம்பி எழுதியவை கையில் இருக்கின்றன. பதினோராம் திருமுறையில் அவருடைய பத்து நூல்கள். ஒன்று திருநாரையூர் விநாயகர் மேல். ஆறு, பத்தில் ஆறு, திருஞானசம்பந்தர் மேல்.

சம்பந்தர் கதை கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சீர்காழியில் நடக்கிறது. மூன்று வயதுக் குழந்தையைக் குளக்கரையில் விட்டுவிட்டு அப்பா தண்ணீரில் முழுகுகிறார். அவர் தலை மறைந்ததும் குழந்தை அழுகிறது. உமாதேவி பால் கொடுக்கிறாள். மேலே வந்த அப்பா வாயோரத்தில் பாலைப் பார்த்துக் கோலை ஓங்கி, யார் கொடுத்தது என்று அதட்டுகிறார். தெய்வம் வந்து போயிருக்கிறது, அப்பாவுக்குத் தெரிவதெல்லாம் எச்சில் பால். எனக்கு அந்தக் கோல்தான் மறக்கவே மாட்டேன் என்கிறது.

திருமுறை வரிசையில் முதல் மூன்றும் சம்பந்தருடையவை. வயதில் பெரியவர் அப்பர். அவர் நாலிலிருந்து ஆறு வரை. இதற்குச் சமயக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அப்பா அந்தப் பக்கம் போன நேரத்தில் தனியாக நின்ற ஒரு குழந்தை, அதே போல நின்ற இன்னொரு குழந்தையை முதலில் வைத்தது மாதிரி எனக்குத் தோன்றுகிறது. தலைகீழாகவும் இருக்கலாம். நம்பி சம்பந்தரையே இவ்வளவு பாடியதால், பின்னால் வந்தவர்கள் அவருக்கும் அந்தச் சாயலில் ஒரு பிள்ளைப் பருவத்தைக் கொடுத்திருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் சாத்தியம். முதலாவதை விடவும் மனசு வரவில்லை.

அப்பர் என்ற பேரே ஒரு குழந்தை கொடுத்ததுதான். பெற்றோர் வைத்தது மருள்நீக்கியார், இறைவன் கொடுத்ததாகச் சொல்வது திருநாவுக்கரசர். பெற்றோரைச் சின்ன வயதிலேயே இழந்து அக்கா திலகவதியாரிடம் வளர்ந்தவர். சொந்தப் பிள்ளை கிடையாது. சீர்காழியில் பார்த்தபோது சம்பந்தர் அவரை "அப்பரே" என்று கூப்பிட்டார் என்கிறது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம். மருள்நீக்கியார் என்ற பேரை இன்று புத்தகத்தில் தேட வேண்டும். அந்தப் பிள்ளை கூப்பிட்ட பேர் தெருப் பேர்ப்பலகை வரைக்கும் வந்துவிட்டது. பெற்றவரைத்தான் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. என் மாமனார் மேல் எனக்கிருந்த சின்னப் பொறாமை, திரும்பி வரும் வழியில் இதை யோசித்தபோது கொஞ்சம் கூச்சமாக மாறியது.

கோயிலில் கொடுத்த சுண்டலில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அது யாருக்குடா?"

"அப்பாவுக்கு."

எந்த அப்பாவுக்கு என்று கேட்கவில்லை. கை வியர்த்து சுண்டல் நசுங்கிக்கொண்டிருந்தது. வண்டியைக் கொஞ்சம் வேகமாக விட்டேன்.