கார் சப்வூஃபர், ஆம்ப்ளிஃபையர்: ஒலிக் கோளாறுகளைக் கண்டறிதல்

கார் சப்வூஃபர் என்பது சுமார் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளுக்கென்றே அமைந்த ஸ்பீக்கர். அதற்கு வேண்டிய திறனை காரின் பேட்டரியிலிருந்து எடுத்துத் தருவது ஆம்ப்ளிஃபையர். பேஸ் எடுபடவில்லை, கலங்கிக் கேட்கிறது, விட்டுவிட்டு வருகிறது என்றதும் வூஃபரைக் குறை சொல்லி மாற்றிவிடுவதே வழக்கம். ஆனால் பழுது பெரும்பாலும் வூஃபரில் இருப்பதில்லை. அது எரிந்தே போயிருந்தாலும் எரித்த காரணம் வேறோர் இடத்தில் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதிதாக ஒன்றைப் பொருத்தினால் அதுவும் எரியும். மின்சாரம், செட்டிங், இணைப்பு, பெட்டி என்ற வரிசையில் சோதித்து வருவது நல்லது. இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

மின்சாரமும் எர்த்தும்

500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய) திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப் முழு வீச்சில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அந்த மின்னோட்டம் முழுவதும் பேட்டரியிலிருந்து டிக்கி வரை வயரில் வந்து, காரின் உடல் தகடு வழியாகத் திரும்ப வேண்டும். வழியில் சிறு தடை இருந்தாலும் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். என்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால், பல ஆம்ப்களின் திறன் சுமார் 30 விழுக்காடு குறைந்துபோகும். திறன் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதே காரணம். பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் முகப்பு விளக்கு மங்குவது இதன் வெளிப்படையான அடையாளம்.

குற்றவாளி அநேகமாக எர்த் வயர்தான். பெயின்ட்டைச் சுரண்டாமல் போல்ட் முடுக்கியிருப்பார்கள்; அல்லது சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். பின்னது பாதுகாப்புக்கும் கேடு. பழுதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் மற்றதை பேட்டரியின் மைனஸிலும் தொட வேண்டும். என்ஜின் ஓட, பேஸ் மிகுந்த பாட்டைச் சத்தமாகப் போட வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. தகட்டைப் பளபளக்கும்வரை தேய்த்து, ரிங் டெர்மினலை அழுந்த முடுக்கி, மேலே துருப்பிடிக்காமல் பெயின்ட் பூச வேண்டும். எர்த் வயரின் நீளம் அரை மீட்டருக்குள் இருப்பது உத்தமம். இதே சோதனையை பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் ஆம்பின் பிளஸ்ஸுக்கும் இடையே செய்தால் பவர் வயரின் தரம் தெரிந்துவிடும். மலிவான கிட்களில் வருவது செம்பு பூசிய அலுமினிய வயர். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் சுமார் 60 விழுக்காடுதான். ஆகவே அதே அளவுக்கு அது தாங்காது.

பேட்டரியிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியதாக மாற்றுவது தீயை வரவழைக்கும் செயல். ஃபியூஸ் காப்பது வயரை.

கெயின், கிளிப்பிங்

கெயின் திருகு வால்யூம் அன்று. காரின் மியூசிக் செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. அதை முழுக்கத் திருகிவைத்தால், ஆம்ப் தன்னால் முடிந்த உச்சத்தைத் தொட்டபின் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். முழுதும் தட்டையான சதுர அலை, அதே உச்சமுள்ள சைன் அலையைப்போல் இரண்டு மடங்கு திறனை வூஃபரின் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்குள் செலுத்தும். கரகரப்பு முதலில் வரும். பிறகு கருகிய வார்னிஷ் நெடி. கூம்பின் இருபக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்தும்போது உரசும் சத்தம் கேட்டால் காயில் ஏற்கெனவே சிதைந்திருக்கிறது.

சரியான அளவை மீட்டரால் வைக்கலாம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்ஜியமாக்கி, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் டோனைப் போட வேண்டும். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேண்டிய ஏசி வோல்ட் கிடைக்கும். 500 வாட்டை 2 ஓமில் தரும் ஆம்புக்கு அது 31.6 வோல்ட். ஸ்பீக்கர் டெர்மினலில் அந்த அளவு காட்டும் வரை கெயினைக் கூட்டி நிறுத்திவிட வேண்டும். பேஸ் பூஸ்ட்டைத் தொடாமலிருப்பதே என் பரிந்துரை: 12 டெசிபல் பூஸ்ட் என்பது அந்த அலைவரிசையில் ஏறத்தாழ 16 மடங்கு திறன் கேட்பதாகும். டப்பாவில் பெரிதாக அச்சிட்ட ‘மேக்ஸ்’ வாட்டை நம்பாமல் ஆர்.எம்.எஸ். எண்ணைப் பார்க்க வேண்டும்.

கம்பெனி செட்டிலிருந்து சிக்னல் எடுத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கதவு ஸ்பீக்கர்களைக் காக்க, பல கம்பெனி செட்கள் வால்யூம் ஏற ஏற பேஸைத் தாமாகவே குறைத்துவிடும். இந்தக் குறையை ஆம்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ஓம், போலாரிட்டி, ஃபேஸ்

இரட்டைக் காயில் வூஃபரில் இரண்டு 4 ஓம் காயில்களை இணையாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8 ஓம். ஆம்ப் தாங்குவதைவிடக் குறைந்த ஓம் கொடுத்தால் சூடேறி புரொடெக்ட் விளக்கு எரியும்; கூடுதலாகக் கொடுத்தால் சத்தம் சப்பென்றிருக்கும். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றியதும் புரொடெக்ட் விளக்கு அணைந்தால் கோளாறு காயிலிலோ அதன் வயரிலோ இருக்கிறது. நல்ல 4 ஓம் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.7 வரை காட்டும்.

இரண்டு வூஃபர்களில் ஒன்று தலைகீழாக இணைந்திருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து, பேஸ் அப்படியே கரைந்துபோகும். 1.5 வோல்ட் பேட்டரியைச் சட்டென்று தொட்டுப் பார்த்தால் தெரியும்: பிளஸ் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே நகர வேண்டும். முன் ஸ்பீக்கர்களோடு பொருந்துகிறதா என்பதை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிக் கேட்டு, பேஸ் நிறைவாக ஒலிக்கும் பக்கம் விட்டுவிடலாம்.

பெட்டியும் ஃபில்டரும்

பெட்டி ஒலியின் பாதி. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வையும் ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை வளர்த்தெடுத்ததையும் ஒட்டித்தான் ஒவ்வொரு வூஃபருக்கும் பெட்டியின் கொள்ளளவு கணக்கிடப்படுகிறது. மூடிய பெட்டியில் காற்றுக்கசிவு இருந்தால் பேஸ் தளர்ந்து, புஸ் என்ற சத்தம் சேரும். 40 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, புகையும் ஊதுவத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் கசியும் இடத்தில் புகை துடிக்கும். டெர்மினல் கப்பின் ஓரம் பெரும்பாலும் அகப்படும்.

துளையுள்ள போர்ட்டட் பெட்டியில் டியூனிங் அலைவரிசைக்குக் கீழே கூம்பைத் தாங்க காற்றழுத்தம் இருக்காது. 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பெட்டிக்கு, மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டரை 30 ஹெர்ட்ஸ் அளவில் வைக்காவிட்டால் கூம்பு எல்லை மீறி ஓடி அடிபடும். உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ் அளவில் போதும். செட்டிலும் ஆம்பிலும் இரண்டு இடத்திலும் அதைப் போட்டால் பேஸ் மெலியும்.

இரைச்சல்

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஊளைச் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. லோ பாஸ் ஃபில்டர் தடுத்துவிடுவதால் அது வூஃபரில் அரிதாகவே கேட்கும். முன் ஸ்பீக்கர்களில்தான் தேட வேண்டும். சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்பிலிருந்து கழற்றியதும் சத்தம் நின்றால் கோளாறு ஆம்புக்கு முன்னால் உள்ளது. ஆர்சிஏ கேபிளைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டாமல் காரின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனால் பல வண்டிகளில் இது தீரும். தகடு அதிரும் டரடரப்போ ஆம்புக்குத் தொடர்பில்லாதது: 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை டோனை மெல்ல ஏற்றிக்கொண்டே ஒருவர் வெளியே நின்று நம்பர் பிளேட், டிக்கிக் கதவு, ஸ்பேர் வீல் குழி என ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்க, சத்தம் நிற்கும் இடத்தில் ஃபோம் ஒட்டினால் போதும்.