டிவியில் விற்கும் பென்ஷனும் ஜெனீவாச் சிறுமிகளும்

பொன்னேரி பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்களுக்கு 1995 ஆம் வருட இ.பி.எஸ். திட்டத்தில் என்ன பென்ஷன் வரும்? சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 வருஷம் என்று வைத்தாலும் 7,500 தான். பெரும்பாலோருக்கு அதுகூட வராது. ஆனால் பி.எஃப். பணம் மொத்தமாகக் கைக்கு வரும். டிவி ஆலோசகர் கண் வைப்பது அந்த மொத்தத்தின் மேல்தான்.

அவர் சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: 60 வயசுல 10 லட்சம் கட்டுங்க, ஆயுசுக்கும் வருஷம் 80,000 வரும், 8% கேரண்டி. இது வட்டி இல்லைங்க. அசல் திரும்பி வராத திட்டம் என்றால், முதல் பன்னிரண்டரை வருஷம் உங்க பணத்தையே உங்களுக்குத் தவணையாகத் தருகிறார்கள். 80 வயசு வரை இருந்தால் உண்மையான வருமானம் சுமார் 5%. எக்செல்லில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. விலைவாசி வருஷம் 6% ஏறினால், இருபதாவது வருஷத்தில் அந்த 80,000-க்கு இன்றைய மதிப்பு 25,000 கூட இல்லை.

இந்த ஆன்யூட்டி வியாபாரத்தின் பழைய சரித்திரம் சுவாரசியமானது. ஏன்னா ஆரம்பத்தில் ஏமாந்தது விற்றவர்கள்! 1671-லேயே ஹாலந்தின் யோஹான் டி விட், வயதைப் பொறுத்து விலை மாற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1693-ல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திர ஹாலிதான்) பிரெஸ்லாவ் நகரின் இறப்புப் பதிவுகளை வைத்து அட்டவணையே போட்டார். அரசாங்கங்கள் லேசில் கேட்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அரசு எல்லா வயசுக்கும் ஒரே விலையில் விற்றது. ஜெனீவா வங்கிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அம்மை வந்து பிழைத்த, ஆரோக்கியமான சிறுமிகளாகப் பொறுக்கி எடுத்து, அவர்கள் ஆயுசின் மேல் ஆன்யூட்டி வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் நீண்ட நாள் வாழ, பணம் கொட்டியது.

1808-ல் பிரிட்டிஷ் அரசும் இறங்கியது. கையில் எடுத்தது நார்த்தாம்ப்டன் அட்டவணை. அதன்படி ஜனங்கள் நிஜத்தைவிடச் சீக்கிரம் செத்தார்கள். அதனால் விலை மலிவாகிவிட்டது. ஜான் ஃபின்லேசன் என்ற கணக்கர் இதைக் கண்டுபிடித்து வருஷக்கணக்கில் கத்திய பிறகுதான், 1828-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அதிலிருந்து விற்பவன் கணக்கு அநேகமாகத் தப்புவதில்லை.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். 2003-ல் எல்.ஐ.சி. மூலமாக வரிஷ்டா பென்ஷன் பீமா யோஜனா வந்தது, 9% வருமானம். எல்.ஐ.சி.யால் சம்பாதித்து அதைத் தர முடியாது என்பதால், குறையும் தொகையை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. ஒரே வருஷத்தில் மூடிவிட்டார்கள். அரசு கைக்காசு போட்டால்தான் 9% நிற்கும் என்றால், மானியமே இல்லாத கம்பெனி டிவியில் அதைவிட அதிகம் சொல்லும்போது அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை 1990-களில் கேட்காமல் விட்ட ஊர் சென்னை. தேக்கு மரம் வளரும், பணமும் வளரும் என்று விளம்பரம் வந்த காலம். 1992-ல் தொடங்கிய அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-ல் விழுந்தது. அதற்கப்புறம், 1999-ல்தான் இந்த மாதிரித் திட்டங்களுக்கு செபி விதிமுறை வந்தது.

ஆன்யூட்டியே மோசடி என்று நான் சொல்லவில்லை. 95 வயசு வரை இருப்போமோ என்று பயப்படுகிறவருக்கு, சேமிப்பில் ஒரு பங்கை மட்டும் அதில் போடுவது நியாயமான ஏற்பாடு. மொத்தத்தையும் போடச் சொல்லும்போதுதான் சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கணும்.

தபால் ஆபீசில் 2004-லிருந்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2% ஆனது, வரம்பு 30 லட்சம் ஆனது. ஐந்து வருஷத்தில் அசல் அப்படியே திரும்பி வரும். இதை ஏன் எந்த டிவியிலும் தொண்டை கிழியப் பேசுவதில்லை? முன்பு ஏஜென்டுக்கு அரை சதவீதம் கமிஷன் இருந்தது. 2011 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள்.