கதிர்வீச்சும் காப்பு மருந்தும்

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தது. நெருப்புக்குத் தப்பியவர்களிற் பலர், வெளிக்காயம் ஏதுமின்றியே, நாட்கள் சென்றபின் தலைமயிர் உதிர்ந்து, குருதி கசிந்து மடிந்தனர். ஒரு நகரமே கதிர்வீச்சுக்கு இரையாவதை உலகம் அன்றுதான் கண்டது. இதற்கு மாற்று மருந்து உண்டா என்ற தேடலின் வரலாறு, விஞ்ஞானம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்வியையும் நம்முன் வைக்கின்றது.

உயிர்க்கலத்திற் பெரும்பகுதி நீரே. கதிர் பாயும்போது அந்நீர் சிதைந்து, ஐதரொட்சில் போன்ற சுயாதீன மூலிகங்கள் தோன்றுகின்றன. இணையற்ற இலத்திரனையுடைய இவை அருகிலுள்ள மூலக்கூறுகளைக் கணப்பொழுதில் தாக்குகின்றன. பரம்பரை இயல்பைத் தாங்கும் டி.என்.ஏ.யும் தப்புவதில்லை. இவற்றை முந்திக்கொண்டு பற்றி அடக்கவல்ல பொருளொன்று கலத்தினுள் இருப்பின் சேதம் குறையும்.

1949இல், சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில், ஹார்வி பாற் என்பவரும் சகாக்களும் இதற்கு வழி கண்டனர். கந்தகம் அடங்கிய சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் முற்கூட்டியே ஏற்றப்பட்ட எலிகளுட் பல, உயிர்கொல்லும் அளவான எக்ஸ் கதிரையும் தாங்கிப் பிழைத்தன. கதிர் பாய்ந்தபின் கொடுத்தபோதோ பயன் கிட்டவில்லை.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவம் இத்துறையில் இறங்கியது. வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிலையத்தின் திட்டத்தில் 4000க்கும் மேற்பட்ட சேர்வைகள் ஆராயப்பட்டன. அவற்றுள் முதன்மை பெற்றது அமிபொஸ்டீன். ஆயினும் வாந்தியையும் குருதியமுக்க வீழ்ச்சியையும் விளைவிக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டு எந்தப் போர்வீரன் களத்தில் நிற்பான்?

போருக்கு உதவாத அம்மருந்து நோயாளருக்கு உதவியது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையின் பின் கதிர்ச்சிகிச்சை பெறுவோரின் வாய் வறண்டுபோகாமற் காக்க, 1999இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதனை அனுமதித்தது. பக்கவிளைவுகள் நீங்கவில்லை, ஆனால் மருத்துவர் அருகிலிருந்து கவனிக்கின்றார். கதிர் பாயும் நேரமும் அவருக்குத் தெரியும். அதற்குச் சற்றுமுன் மருந்து நாளத்தில் ஏற்றப்படுகின்றது.

அணுகுண்டோ நேரம் சொல்லி வருவதில்லை. வந்தாலும், தீயையும் பேரதிர்ச்சியையும் எந்த மருந்தும் தடுக்காது. மருந்தைக் காட்டி, அணுப்போரிலும் பிழைத்துவிடலாம் என்று எவரேனும் கூறுவாராயின், அந்த எலிகள் எப்போது பிழைத்தன, எப்போது மடிந்தன என்பதை நாம் நம் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும். போரைத் தடுப்பதே மக்களுக்குரிய காப்பு.