ஞாயிற்றின் காந்த முறுக்கு: ஓர் ஆராய்ச்சி வரலாறு

வானம் பார்த்து வாழும் நாடு எமது வன்னி. மாரி பொய்த்தாற் குளம் வற்றும்; குளம் வற்றினால் வயல் தரிசாகும். மழையின் போக்கை முன்னறிய வேண்டும் என்ற இதே கவலைதான், பாக்குநீரிணைக்கு அப்பால், சூரியனை நாள்தோறும் நோக்கும் நிலையமொன்றைத் தோற்றுவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சென்னை மாகாணத்தைப் பஞ்சங்கள் வாட்டின. பருவமழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை ஆராய வேண்டுமென ஆட்சியாளர் கருதினர். அதன் பயனாக 1899ஆம் ஆண்டிற் கோடைக்கானலில் வானாய்வு நிலையம் பணி தொடங்கியது.

1908இல் அமெரிக்க விஞ்ஞானி ஹேல், சூரியனின் கரும்புள்ளிகள் வலிய காந்தங்கள் என நிறுவினார். அவற்றைச் சூழ்ந்த ஐதரசன் வாயு சுழல்போற் காட்சியளித்தது. அடுத்த ஆண்டு சனவரியிற் கோடைக்கானலில் எவர்ஷெட் நிறமாலையை நுணுகி ஆராய்ந்தார். அவர் கண்டது சுழற்சியன்று. புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் ஓட்டம். அது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகின்றது. ஆயின், ஐதரசன் படங்களிற் காணப்பட்ட வளைவுகளின் பொருள் யாது? அவை காந்தக் கோடுகளின் முறுக்கைக் காட்டுவன என்பது பின்னரே தெளிவாயிற்று.

இம்முறுக்கை அறியக் கயிறு திரிப்பாரை நோக்குவோம். பல புரிகள் நேராகக் கிடந்தால் முறுக்கில்லை. ஒன்றையொன்று சுற்றினால் முறுக்குண்டு. அது வலமாகவும் இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம். நன்கு முறுக்கிய கயிற்றை இருவர் இரு தலைப்பிலும் பிடித்துச் சற்றே தளர்த்தினால், நடுவிற் கயிறு தானே சுருண்டு மடியும். முறுக்கு அழியவில்லை, வடிவம் மாறியது, அவ்வளவே. காந்தக் கோடுகளுக்கும் இஃது ஒக்கும். அவை எவ்வளவு முறுகியும் பின்னியும் இருக்கின்றன என்பதன் அளவையே விஞ்ஞானிகள் 'மக்னெற்றிக் ஹெலிசிற்றி' என்பர். ஈண்டு அதனைக் காந்த முறுக்கு என்போம்.

இதன் கணித வரலாற்றில் ஒரு தமிழர் முன்னிற்கின்றார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரே அவர். மின்னோட்டமும் காந்தப்புலமும் ஒரே வழிச் செல்லும்போது வாயுவின்மீது விசை எழாது. அத்தகைய புலங்களைப் பற்றி 1956இலும், கெண்டல் என்பாருடன் 1957இலும் அவர் எழுதினார். 1958இல் ஒல்லாந்தரான வோல்ட்யர் முக்கிய தேற்றமொன்றை நிறுவினார். மின்தடையற்ற வாயுவிற் காந்த முறுக்கின் மொத்த அளவு மாறாது. அம்முறுக்கைக் காத்துக்கொண்டு சக்தியை இயன்ற மட்டும் இழந்த புலம், சந்திரசேகர் ஆராய்ந்த வகையினதே என்பது அதன் சாரம். 1969இற் கேம்பிரிட்சு அறிஞர் மொஃபற், இவ்வளவை கோடுகள் ஒன்றோடொன்று கோத்திருப்பதன் கணக்கே எனக் காட்டினார்.

சக்தி வெப்பமாகவும் ஒளியாகவும் விரைவிற் கழியும். முறுக்கோ எளிதிற் கழியாது. சூரியனின் காந்தத் துருவங்கள் ஏறக்குறையப் பதினோராண்டுக்கொருமுறை இடம் மாறுகின்றன. ஆயினும் வட அரைக்கோளத்தில் இடமுறுக்கும் தென் அரைக்கோளத்தில் வலமுறுக்கும் மிகுந்திருக்கும் வழக்கம் மாறுவதில்லை. புள்ளிகளைச் சூழ்ந்த வளைவுகளின் திசை இவ்வாறு மாறாதிருப்பதை 1941இலேயே ரிச்சட்சன் உறுதிப்படுத்தினார். முறுக்கு உள்ளேயே தேங்கினால், காந்தத்தைப் பிறப்பிக்கும் இயக்கமே தடைப்படும் என்பது பின்னர் எழுந்த சிக்கல். பிராண்டன்பேர்க் என்பாரும், பூனாவிற் பணியாற்றிய கந்தசுவாமி சுப்பிரமணியனும் 2005இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரை இதனை ஆராய்ந்தது. முறுக்கு வெளியேற ஒரு வழி வேண்டும். சூரியனின் மேல்வளியிலிருந்து அவ்வப்போது பெருந்திரளாய் வீசப்படும் காந்தச் சுருள்கள் அதனைச் சுமந்து செல்கின்றன.

அச்சுருள்கள் எம் பூமியையும் தாக்குவன. 1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் அத்தகைய புயலொன்றாற் கனடாவின் கியூபெக் மாகாணம் ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றித் தவித்தது. அறுபது இலட்சம் மக்கள் இருளில் மூழ்கினர். சுருளின் காந்தம் தெற்கு நோக்கி வந்தாற் கேடு மிகும். அது எத்திசை நோக்கி வருமென்பதை அதன் முறுக்கும் கிடக்கையும் தீர்மானிக்கின்றன. ஆகவே முறுக்கை அளத்தல் வெறுங் கணித விளையாட்டன்று, காவற்பணியாம்.

2023 செத்தெம்பர் 2ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 கலம், பூமியிலிருந்து பதினைந்து இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிற்கின்றது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையிற் பிறந்த நிகார் ஷாஜி என்னும் பெண்மணி. அதன் முதன்மைக் கருவியை அமைத்தது, கோடைக்கானல் நிலையத்தை நடத்தும் இந்திய வான்பௌதிக நிறுவகமே.

வன்னி இளைஞர்காள்! பெருந் தொலைநோக்கி எம்மிடமில்லை. எனினும் சந்திரசேகர் இத்துறைக்குக் கொணர்ந்தவை தாளும் பேனாவும் அயராத கணிதமுமே. வவுனியாவிற் பல்கலைக்கழகம் 2021இலே தனித்தெழுந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியற் பீடமுண்டு. பஞ்சத்திற்கு அஞ்சிய மக்கள் தொடங்கிய நோக்கு, நூறாண்டு கடந்து வேறொரு பயனைத் தந்தது. பயன் உடனே தெரியாத கல்வியையும் பொறுமையோடு பற்றுதல் எம் கடனாகும்.