கணினி கண்விழிக்கும் கதை



எங்கள் தோட்டப் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. நீண்ட விடுமுறை முடிந்து வந்த ஒரு நாள் அதை எடுத்து இயக்கினேன். விளக்கு எரிந்தது. விசிறி சுழன்றது. தயாரிப்பாளரின் சின்னமும் திரையில் வந்து போயிற்று. அதன் பிறகு விண்டோஸ் வர வேண்டும்; வரவில்லை. கறுப்புத் திரையில், இயங்குதளம் கிடைக்கவில்லை என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி மட்டும் நின்றது.

பழைய கணினிதானே, போனால் போகட்டும் என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் அதன் உள்ளே எங்கள் மாணவர்கள் சேகரித்த ஒலிப்பதிவுகள் இருந்தன. பால்மரம் வெட்டிய நாட்களையும் லயத்து வாழ்க்கையையும் பற்றித் தோட்டத்து முதியவர்கள் பன்னிருவர் தம் வாயாலேயே சொன்ன செய்திகள் அவை. அந்தப் பன்னிருவரில் நால்வர் இன்று நம்மிடையே இல்லை. ஒலிப்பதிவுகளுக்கு வேறு படி எடுத்து வைக்காதது என்னுடைய தவறு.

பட்டணத்தில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் ஓடும், சார்" என்றார்கள். கணினி ஓடும், போனவர்களின் குரல் திரும்ப வருமா? கணினியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கண்விழிக்காத ஒன்றை இறந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அது எப்படிக் கண்விழிக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? அதை அறியப் புகுந்தபோது எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு என் முன்னே விரிந்தது. அந்த வரலாறே கடைசியில் பழுதையும் காட்டிக் கொடுத்தது. அதனைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கணினி தானாக எதையும் செய்வதில்லை. நினைவகத்தில் இருக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. மின்சாரத்தை நிறுத்தியதும் அதன் வேலை நினைவகம் வெறுமையாகிவிடுகிறது. மறுநாள் இயக்கும்போது கட்டளைகளை வட்டிலிருந்து நினைவகத்திற்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் 'கொண்டு வா' என்பதும் ஒரு கட்டளைதானே? அந்த முதல் கட்டளையை யார் கொடுப்பது? கோழி முந்தியா, முட்டை முந்தியா என்பது போன்ற சிக்கல் இது.

ஆங்கிலத்தில் காலணியின் வாருக்குப் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்பது, நடக்காத காரியத்தைக் குறிக்க அவர்கள் சொல்லும் வழக்கு. கணினி தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் வித்தைக்கு அந்தச் சொல்லே பெயராயிற்று. 'கணினி பூட் ஆகவில்லை' என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்தச் சொல் இப்படிப் பிறந்ததுதான்.

தொடக்க காலத்தில் அந்த முதல் கட்டளையைக் கொடுத்தது மனிதனின் கை. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்கு ஒரு புதிய கணக்கைக் கொடுக்க வேண்டுமானால், கம்பிகளைப் பிடுங்கி வேறு இடங்களில் செருகி, நூற்றுக்கணக்கான விசைகளைத் திருப்ப வேண்டும். அதற்கே நாட்கணக்கில் ஆகும்.

1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்திலேயே கட்டளைகளை வைத்து இயங்கும் மின்னணுக் கணினி முதன்முதலாக ஒரு கணக்கைச் செய்து முடித்தது. டாம் கில்பர்ன் எழுதிய அந்த நிரலில் 17 கட்டளைகளே இருந்தன. விடை வருவதற்கு 52 நிமிடங்கள் பிடித்தன. அந்தக் கட்டளைகள் ஒவ்வொன்றையும் விசைகளை அழுத்தியே உள்ளே செலுத்தினார்கள். மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்த ஆண்டே இதற்கு வழி பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் என்னும் கணினி, 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் 31 கட்டளைகள் கொண்ட ஒரு சிறு நிரலை எழுதினார். தாள்நாடாவில் துளையிட்டு வைத்திருக்கும் பெரிய நிரலைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவதே அதன் வேலை. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் விசைகளில் அந்த 31 கட்டளைகளையும் நிரந்தரமாகக் கம்பி பூட்டி வைத்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் போதும். அந்தச் சிறு நிரல் நினைவகத்தில் இறங்கும். அது பெரிய நிரலைக் கொண்டுவரும். சிறியது பெரியதை எழுப்பும் என்னும் இந்தக் கருத்துத்தான் இன்றுவரை எல்லாக் கணினிகளுக்கும் அடிப்படை.

1952இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 701 என்னும் கணினியிலும் 'ஏற்று' என்று பொருள்படும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையட்டையின் முதல் சொல் மட்டும் உள்ளே வரும். அந்தச் சொல் மற்றவற்றை அழைத்து வரும்.

ஆனால் விலை குறைந்த கணினிகளுக்கு இந்த வசதி உடனே வந்துவிடவில்லை. 1975ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் அறிமுகமான ஆல்ட்டேர் 8800, வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய கணினி என்று புகழ்பெற்றது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்பக்கத்தில் வரிசையாக விசைகளும் சிறு விளக்குகளும் மட்டுமே உண்டு. அதில் பேசிக் மொழியை ஏற்றுவதற்குச் சுமார் இருபது எண்களை விசைகளின் வழியாக ஒவ்வொன்றாகச் செலுத்த வேண்டும். ஓர் எண் தவறினாலும் வேலை நடக்காது. அந்தப் பேசிக்கை முதன்முதலாகக் காட்டிட ஆல்புகர்க்கி நகருக்கு விமானத்தில் சென்றவர் பால் ஆலன். ஏற்றும் நிரலை எழுத மறந்துவிட்டது விமானத்தில்தான் அவருக்கு நினைவு வந்ததாம்; விமானம் தரையிறங்குவதற்குள் அவசர அவசரமாக அதை எழுதி முடித்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பெரிய நிரலைப் பல வாரம் பாடுபட்டு எழுதியிருந்தாலும், அந்தச் சிறு நிரல் இல்லையென்றால் அவர் வெறுங்கையோடுதான் போய் நின்றிருப்பார்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டது. நம் பினாங்கில் 1972ஆம் ஆண்டிலேயே ஆலை திறந்த இன்டெல் நிறுவனத்தின் 8088 என்னும் சில்லுதான் அதற்கு மூளை. மின்சாரம் வந்ததும் அந்தச் சில்லு, நினைவகத்தின் உச்சியிலிருந்து 16 பைட்டு கீழே உள்ள ஒரு குறிப்பிட்ட இடத்திற்குச் சென்று முதல் கட்டளையைத் தேடும். அந்த இடத்தில், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் பயோஸ் என்னும் நிரல் பொறிக்கப்பட்டிருந்தது.

பயோஸ் முதலில் செய்வது சோதனை. நம் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு நடக்குமே, நினைவிருக்கிறதா? யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று பெயர் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வேலைக்கு அனுப்புவார்கள். அதுபோலவே பயோஸ் நினைவகம், விசைப்பலகை, திரை என்று ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் ஒரு முறை 'பீப்' என்னும். குறை இருந்தால் வேறுவிதமாக ஒலிக்கும். பிறகு வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

1983ஆம் ஆண்டு வந்த எக்ஸ்.டி. என்னும் கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இடம்பெற்றது. அதன் முதல் 512 பைட்டுகளில் ஒரு சிறு நிரலும், வன்தட்டு எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்னும் பட்டியலும் எழுதப்பட்டன. 1984ஆம் ஆண்டு வந்த ஏ.டி. என்னும் கணினியில், நாள், நேரம், அமைப்புக் குறிப்புகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்று ஒரு சிறு பேட்டரியும் சேர்ந்தது. மற்ற நிறுவனங்களும் இதே முறையைப் பின்பற்றியதால், பல்லாண்டுகள் பெரும்பாலான தனியாள் கணினிகள் ஒரே வழியில் கண்விழித்தன. பின்னர் வன்தட்டுகள் பெருத்துவிட்டன. பழைய பட்டியல் போதவில்லை. 2005ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் கூடி ஒரு மன்றம் அமைத்து, யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையை வளர்த்தன. இது முதல் 512 பைட்டுகளை நம்பி நிற்பதில்லை. வன்தட்டில் அதற்கென்று ஒதுக்கிய பகுதியில் ஏற்றும் நிரலைத் தேடுகிறது.

நேயர்களே, இந்த வரலாற்றை அறிந்தால், கண்விழிக்காத கணினியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். பொறுப்பு கைமாறிக் கைமாறிச் செல்கிறது. எந்தக் கையில் நின்றுவிட்டது என்று பார்க்க வேண்டும்.

விளக்கே எரியவில்லையென்றால் குறை மின்சாரத்தில். மின்வடத்தை எடுத்துவிட்டு, கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் கழற்றி, இயக்கு பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். பிறகு மின்வடத்தை மட்டும் இணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்து, திரை இருண்டு, 'பீப்' ஒலி தொடர்ந்து வந்தால் பெரட்டிலேயே யாரோ வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் நினைவகச் சில்லு சரியாகப் பொருந்தாமல் இருக்கும். மின்சாரத்தை முற்றிலும் நீக்கிவிட்டு அதைக் கழற்றித் திரும்பப் பொருத்தலாம். சின்னம் வந்து, இயங்குதளம் இல்லை என்று செய்தி வந்தால், சோதனை முடிந்துவிட்டது, ஒப்படைப்பதில்தான் தடை. முதலில் செருகியிருக்கும் பென் டிரைவ்களை எடுத்துவிடுங்கள். பிறகு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். வன்தட்டு 'டக், டக்' என்று தட்டும் ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் இயக்கினால் உள்ளதும் போகும்.

எங்கள் மடிக்கணினியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். வன்தட்டின் பெயர் தெரிந்தது. அதுவே பெரிய ஆறுதல். அடுத்துக் கண்ணில் பட்டது தேதி. பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. 1984இல் வந்தது என்றேனே, அந்தச் சிறு பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது! நாணயம் போன்ற அந்தப் பேட்டரி தீர்ந்ததும், அமைப்புக் குறிப்புகள் ஆலையில் வைத்தபடியே திரும்பிவிட்டன. கணினி யூ.இ.எஃப்.ஐ. முறைக்கு மாறிவிட்டது. ஆனால் எங்கள் வன்தட்டில் விண்டோஸ் 7, 1983ஆம் ஆண்டின் பழைய முறையில் ஏற்றப்பட்டிருந்தது. கணினி புதிய முறையில் தேடியது. வன்தட்டு பழைய முறையில் காத்திருந்தது. ஒன்று மற்றொன்றைக் காணவில்லை. அவ்வளவுதான்!

இருந்தாலும் அவசரப்படவில்லை. முதலில் வேறொரு கணினியில் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டேன். 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை, வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயக்க முடியும். அதன் வழியாக வன்தட்டைத் திறந்தேன். பன்னிரண்டு ஒலிப்பதிவுகளும் இருந்தன. அனைத்தையும் வெளியே படியெடுத்த பிறகே அமைப்புப் பக்கத்தில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் வழக்கம்போல் வந்து நின்றது. பேட்டரியைப் பிறகு தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் சேர்ப்பதில்லை.

அன்று மாலை ஒரு பதிவை ஓடவிட்டேன். மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒரு பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்தில் நின்ற அவருடைய பேத்தி, எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவி, முடியும்வரை அசையாமல் கேட்டாள்.

பழைய கணினி எழவில்லையென்றால் உள்ளே உள்ளதெல்லாம் அழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 'அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவோம்' என்பது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் உள்ளதைக் காப்பாற்றுங்கள். பிறகு பொறியைச் சரிசெய்யுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அரியதாகக் கருதும் எதற்கும் இன்றே இரண்டு படிகள் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். நான் தாமதமாகக் கற்ற பாடம் இது. நீங்கள் முன்கூட்டியே கற்றுக்கொள்ளலாம்.

மற்றோர் உரையில் மீண்டும் சந்திப்போம்.