சூடான படியும் குளிர்ந்த படியும்: பழைய அமெரிக்கப் பாலுணர்வுத் திரைப்படங்களும் சேகரிப்பாளர்களும்

பழைய அமெரிக்கப் பாலுணர்வுத் திரைப்படங்களைத் தேடிச் சேகரிப்போரின் ஆர்வத்திற்குக் கிளர்ச்சியே காரணம் எனக் கொள்வது எளிது. ஆனால் 1930கள் முதல் 1960களின் தொடக்கம் வரை வந்த இப்படங்கள் இன்றைய அளவுகோலில் அடக்கமானவை, பல சலிப்பூட்டுபவையும்கூட. ஈர்ப்பின் வேரை அவை புழங்கிய முறையில் தேட வேண்டும்.

1934 முதல் ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டது. அதற்கு வெளியே இயங்கிய சிறு வணிகர்கள் சில படிகளை மட்டும் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுசென்று திரையிட்டனர். மாநிலத் தணிக்கையும் உள்ளூர்க் காவலரின் போக்கும் இடத்துக்கு இடம் மாறின. எனவே ஒரே படத்திற்குச் 'சூடான படி', 'குளிர்ந்த படி' என இருவகைப் படிகள் வைத்திருந்தனர். குளிர்ந்த படியைக் கண்டு ஏமாந்த கூட்டத்தைச் சமாதானப்படுத்த, இறுதியில் ஓட்டுவதற்கெனத் தனிச்சுருள் ஒன்றும் இருந்தது. படத்தோடு அது தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை!

ஆகவே 'மூலப்படம்' என ஒன்றைச் சுட்டுவது அரிது. சுவடிப் பதிப்பாளர் பாடவேறுபாட்டிற்காக இன்னோர் ஏட்டை நாடுவதுபோல, தேர்ந்த சேகரிப்பாளர் தம்மிடம் உள்ள படத்திற்கே மற்றொரு படியைத் தேடுகிறார். வெட்டுண்ட இடமும் அவருக்குச் செய்திதான்.

1957இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், 'கார்டன் ஆஃப் ஈடன்' பட வழக்கில், நிர்வாணம் மட்டுமே ஆபாசமாகாது என்று தீர்ப்பளித்தது. டோரிஸ் விஷ்மன் போன்றோர் நிர்வாண முகாம் படங்களுடன் இத்துறைக்குள் வர அத்தீர்ப்பு வழிவிட்டது. ஓடி முடிந்தபின் இவற்றைப் பேணுவார் இல்லை. 1990இல் சியாட்டிலில் மைக் வ்ரேனி தொடங்கிய 'சம்திங் வியர்ட் வீடியோ', தயாரிப்பாளர் டேவிட் ஃப்ரீட்மன் போன்றோரின் துணையுடன், இத்தகைய படங்களை ஒளிநாடாவாக்கி விற்றது. நிறுவனக் காப்பகங்கள் தயங்கிய பணியை வணிகச் சேகரிப்பே செய்தது என்பதை மறுக்க இயலாது.

எனினும் இங்கொரு சிக்கல் உண்டு. விற்பனைக்கு ஏற்றது சூடான படியே. முழுமையை நாடும் வேட்கையில் குளிர்ந்த படி குறையுள்ளதாக ஒதுக்கப்படுமாயின், பெரும்பான்மையோர் உண்மையில் எதைக் கண்டனர் என்ற சான்று அழியும். நியூயார்க் மாநில ஆவணக்காப்பகத்தில் 1921 முதல் 1965 வரையிலான தணிக்கைக் கோப்புகள் உரையாடற் பிரதிகளுடன் உள்ளன. அவற்றோடு ஒப்பிடுவதற்கு ஆய்வாளருக்குத் தேவைப்படுவது அந்த வெட்டுப்பட்ட படிதான்.